கோடியக்கரையில் காண வேண்டியது வெட்டவெளி

சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை, வேதாரண்யத்தைத் தாண்டியதும் கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. முனையின் கிழக்கில் வங்காள விரிகுடா, தெற்கில் பாக் நீரிணை. இந்தத் திருப்பத்தில் கடல் கொண்டுவந்து சேர்த்த மணல்மேடுகளும், அவற்றுக்குப் பின்னால் பரந்து கிடக்கும் உப்புச் சதுப்பும், இடையில் விரிந்த புல்வெளியும், மணல்மேட்டின் மேலேயே வளர்ந்த உலர் பசுமைமாறாக் காடும் சேர்ந்ததுதான் கோடியக்கரைச் சரணாலயம். வெளிமான்களைக் காப்பதற்காக 1967-ஆம் ஆண்டு சுமார் 17 சதுர கிலோமீட்டர் பரப்பில் இது தொடங்கப்பட்டது. பின்னர் 2002-இல், வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக்காடு ஆகியவற்றையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம் இதுவே. அடுத்த தலம் அறிவிக்கப்பட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கு முதல்முறை வருபவர்களில் பலர் ஏமாற்றத்துடன் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். சரணாலயம் என்றதும் அடர்ந்த மரங்களையும் அவற்றின் நிழலில் நடமாடும் விலங்குகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். கண்முன்னே இருப்பதோ குட்டைப் புல், வெடித்துக் கிடக்கும் சேறு, தொடுவானம் வரை ஒரே மட்டமாகப் பரவியிருக்கும் ஆழமற்ற நீர். ‘இங்கே ஒன்றுமே இல்லையே’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால், அந்த ஒன்றுமில்லாத தோற்றத்தில்தான் கோடியக்கரையின் உயிர் இருக்கிறது. இந்த வெட்டவெளி சுருங்கினால், வேலி போட்டுக் காவல் வைத்தாலும் இங்குள்ள உயிரினங்களில் முக்கியமானவை நிலைக்க முடியாது. இதை எனக்குப் புரியவைத்தவை சேற்றில் மேயும் சிறிய பறவைகள். ஆகவே அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை இந்தச் சதுப்பில் கரைப்பறவைகள் தங்குகின்றன. வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் ஆர்க்டிக் நிலத்தில் முட்டையிட்டுவிட்டு இங்கே வருகிறது. சிறு கொசு உள்ளானும் அந்த வடதுருவ ஓரத்துப் பறவைதான். அதன் எடை முப்பது கிராமுக்கு முன்பின்னாக இருக்கும். மணல்நிற உப்புக்கொத்திகள் மத்திய ஆசியாவின் உயர்ந்த மலைவெளிகளிலிருந்து இறங்கி வருகின்றன. பவளக்காலி, பச்சைக்காலி, கருவால் மூக்கன், கல்திருப்பி, நெடுங்கால் உள்ளான், பெரிய கோட்டான் என்று பட்டியல் நீளும். இத்தனை இனங்களும் ஒரே சேற்றில் ஒன்றுக்கொன்று பெரிதாகச் சண்டையிடாமல் எப்படி உண்கின்றன என்று கேட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினால், நீரின் ஆழத்துக்கு ஏற்ப அவை பிரிந்து நிற்பது தெரியவரும்.

நீர் விளிம்புக்கு வெளியே, ஈரம் மட்டும் எஞ்சிய சேற்றில் உப்புக்கொத்திகள் நிற்கும். அவற்றின் அலகு குட்டை, கண் பெரியது. நாலடி ஓடி, சடாரென நின்று, தலையைச் சற்றே சாய்த்துப் பார்த்து, ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். இரை மேற்பரப்பில் அசைவதைக் கண்ணால் கண்டுபிடிக்கும் பறவை அது. அதற்கு அடுத்து, விரற்கடை ஆழ நீரில் கொசு உள்ளான்களும் வளைமூக்கு உள்ளான்களும் தலை நிமிராமல் மேய்ந்தபடி நகரும். இவை பெரும்பாலும் அலகின் தொடு உணர்வை நம்புகின்றன. அலகு நுனியில் நெருக்கமாக அமைந்துள்ள உணர்வணுக்கள் சேற்றுக்குள் புழு இருக்கும் இடத்தை அழுத்த வேறுபாட்டால் அறிந்துகொள்கின்றன. ஒரு வளைமூக்கு உள்ளானைத் தொலைநோக்கியில் நிலைநிறுத்திப் பார்த்தால், அது தையல் இயந்திரத்தின் ஊசிபோலத் தொடர்ந்து குத்திக்கொண்டே போவதும், திடீரென ஓரிடத்தில் அலகை முகம் வரை இறக்கி ஒரு புழுவை மெல்ல, அறுந்துவிடாமல் இழுப்பதும் தெரியும். இன்னும் ஆழத்தில் கருவால் மூக்கன்கள் வயிறு நனைய நிற்கும். அதற்கும் அப்பால் பூநாரைகள்.

பூநாரையைப் பற்றிச் சொல்லாமல் கோடியக்கரையைப் பற்றி எழுத முடியாது. குஜராத்தின் கட்ச் பகுதி உப்புவெளியில் கூடுகட்டும் இப்பறவைகள் குளிர்காலத்தில் இங்கே வருகின்றன. பலர் இங்கு வருவதே இவற்றைப் பார்ப்பதற்காகத்தான். தலையைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, நாக்கைத் துருத்திபோல இயக்கி, நீரை அலகுக்குள் இழுத்து ஓரத்திலுள்ள சல்லடைத் தகடுகள் வழியாக வெளியேற்றி, நுண்ணுயிர்களை மட்டும் நிறுத்திக்கொள்கின்றன. அவற்றின் இளஞ்சிவப்பு நிறமும் அவை உண்ணும் பாசிகளிலும் உப்புநீர்ச் சிற்றிறால்களிலும் உள்ள நிறமியிலிருந்து வருவதே. சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம்பறவைகள். நிறம் முழுமையாக ஏறச் சில ஆண்டுகள் ஆகும். நீர் வடிந்த இடங்களில், சேற்றின் மேல் வட்ட வட்டமான தடங்களைக் காணலாம். பூநாரை ஓரிடத்தில் நின்று கால்களால் மிதித்துச் சேற்றைக் கிளறி, தன்னைச் சுற்றிச் சுழன்று உண்டதன் அடையாளம் அது. பறவைகள் எட்டாத தூரத்தில் நிற்கும் நாட்களில் அந்த வட்டங்களைப் பார்ப்பதே எனக்கு நிறைவாக இருக்கும்.

இந்த அடுக்கு முழுவதும் நீர்மட்டத்தை நம்பியே இருக்கிறது. இப்பகுதியில் கடலின் வற்றுப்பெருக்கு சிறியது; நிலமோ கிட்டத்தட்ட மட்டம். அதனால் காற்று திசை மாறினாலே நீரின் விளிம்பு வெகுதூரம் நகர்ந்துவிடுகிறது. வாடைக்காற்று வலுத்து வீசும் காலையில் பறவைகள் நின்ற இடம் மாலையில் வெறுஞ்சேறாக இருக்கலாம். நேற்று ஆயிரக்கணக்கில் இருந்தவை இன்று எங்கே என்று கேட்பவர்கள் முதலில் காற்றைக் கவனிக்க வேண்டும். பறவைகளின் பருவமும் இங்கே மீன்பிடிப் பருவமும் ஒன்றாகவே, அக்டோபர் முதல் மார்ச் வரை அமைகின்றன. வேறு ஊர்களிலிருந்து மீனவர்கள் வந்து கரையில் குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்யும் காலம் அது. காற்றைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் அவர்களிடம் கேட்டுவிட்டுச் சதுப்புக்குப் போவதுதான் நான் கண்ட மிகச் சிறந்த வழி.

இந்தப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை இன்று நாம் உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், இங்கே பல பத்தாண்டுகள் நடந்த வளையமிடும் பணி. 1883-இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், பறவையியலாளர் சாலிம் அலியின் முன்முயற்சியால் கோடியக்கரையைத் தன் முக்கியமான ஆய்வுக்களங்களில் ஒன்றாக்கியது. பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் என்னும் பறவை பிடிக்கும் சமூகத்தவரின் திறமை அப்பணியில் பயன்பட்டது. உணவுக்காகவும் விற்பனைக்காகவும் தலைமுறைகளாகப் பறவைகளைப் பிடித்தவர்களின் கைகளே, இறகு ஒன்று கசங்காமல் உள்ளானைப் பிடித்து, எடை பார்த்து, அலுமினிய வளையம் மாட்டி விடுவிக்கக் கற்றன. உலகெங்கும் சில நூறுகளாகச் சுருங்கிவிட்ட கரண்டிமூக்கு உள்ளான்கூட முன்பு இச்சதுப்பில் பதிவாகியிருக்கிறது. இன்று அது இங்கே தென்படும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இருந்தும் கொசு உள்ளான் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒவ்வொரு அலகு நுனியையும் ஒருமுறை சரிபார்க்காமல் என்னால் விட முடிவதில்லை.

பார்ப்பவர்களின் நடத்தையைப் பற்றி இங்கே சற்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பிப்ரவரி இறுதியில் வளைமூக்கு உள்ளான்களின் சாம்பல் மார்பில் செங்கல் நிறத் திட்டுகள் தோன்றத் தொடங்கும். அவை வடக்கு நோக்கிப் புறப்படத் தயாராகின்றன என்பது அதன் பொருள். அந்த வாரங்களில் அவை உண்ணும் ஒவ்வொரு புழுவும் கொழுப்பாக மாறி, வழியில் எரிபொருளாக வேண்டும். படம் எடுப்பதற்காகச் சேற்றில் இறங்கி நெருங்குவதால் ஒரு கூட்டம் எழும்பிப் பறந்தால், மேயும் நேரமும் வீணாகிறது. சேர்த்த கொழுப்பும் செலவாகிறது. ஒரு நாளில் ஒருமுறை என்றால் தாங்கும். விடுமுறை நாளில் வண்டி வண்டியாக வருபவர்கள் அனைவரும் இதைச் செய்தால் தாங்காது. பறக்கும் பூநாரைகளின் படம் வேண்டும் என்பதற்காகக் கை தட்டி எழுப்புவதையும் பார்த்திருக்கிறேன். அதை நான் வன்முறை என்றே கருதுகிறேன். வெட்டவெளியில் மனிதர் மறைய முடியாது. ஆகவே ஓரிடத்தில் உட்கார்ந்து, அசையாமல் இருந்து, பறவைகள் தாமாக நெருங்கி வரும்வரை காத்திருப்பது மட்டுமே இங்கே பொருந்தும் முறை. அரைமணி நேரம் பொறுத்தால் உப்புக்கொத்திகள் நம்மை ஒரு மண்மேடாக எடுத்துக்கொண்டு வெகு அருகில் மேயத் தொடங்கிவிடும்.

சதுப்பின் இன்னொரு நெருக்கடி கண்ணுக்கு எளிதில் தெரியாதது: உப்பு. வேதாரண்யம் உப்புக்குப் பெயர்பெற்ற ஊர். 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகப் பயணம் முடிந்த இடமும் இதுவே. சிறு பாத்திகளில் உப்பு விளைவிப்பது இங்குள்ளோரின் பழைய தொழில். பெரிய தொழிற்சாலைகளுக்காகச் சதுப்பின் விரிந்த பரப்புகள் உப்பளங்களாக மாறியது அதற்குப் பிந்தைய கதை. அதே காலத்தில் காவிரியின் கடைமடைக்கு வந்துசேரும் நன்னீரும் குறைந்தது. மழைநீரும் ஆற்றுநீரும் கலந்து உப்பின் கடுமையைத் தணித்தால்தான் சேற்றில் பலவகைப் புழுக்களும் சிறு நத்தைகளும் பூச்சிகளின் இளம்பருவங்களும் உயிர்வாழும். உப்பு மிகுந்தால் அவை மறைந்து, கடும் உப்பைத் தாங்கும் சிற்றிறால் போன்ற ஓரிரு உயிர்களே எஞ்சும். புழுவை நம்பும் பறவைக்கு அந்தச் சேறு, பார்க்க முன்போலவே இருந்தாலும், காலியான நிலம். முன்பு இங்கே கண்ட பெருங்கூட்டங்கள் பின்னாளில் குறைந்துபோனதற்கான காரணங்களில் இதையும் ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். கோடையில் இங்கே நடந்தால் உப்புப் படலம் காலடியில் நொறுங்கும் ஓசை கேட்கும். அதன் அடியில் எத்தனை ஈரம் மிஞ்சியிருக்கிறது என்பதில்தான் அடுத்த பருவம் அடங்கியிருக்கிறது.

சதுப்பிலிருந்து புல்வெளிக்கு வந்தால், இதே கதை வேறு உருவில் நடக்கிறது. வெளிமான் மறைந்து வாழும் விலங்கன்று. தொலைவிலேயே எதிரியைக் கண்டு, ஓடித் தப்பிக்கும் விலங்கு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய அதன் உடலமைப்பும், பக்கவாட்டில் அமைந்த பெரிய கண்களும் திறந்த நிலத்துக்கென்றே உருவானவை. காலை இளவெயிலில் முதிர்ந்த ஆண் வெளிமான் ஒன்று தன் எல்லையில் நடப்பதைப் பார்க்க வாய்த்தால், வேறெங்கும் போகாமல் அங்கேயே நின்றுவிடுவது நல்லது. முகத்தை மேலே தூக்கி, திருகுக் கொம்புகள் முதுகில் படியுமளவுக்குத் தலையைப் பின்னே சாய்த்து, காதுகளைத் தாழ்த்தி, வாலை மேல்நோக்கிச் சுருட்டிக்கொண்டு அடிமேல் அடி வைத்து அது நடக்கும். இடையிடையே நின்று, கண்ணுக்குக் கீழேயுள்ள சுரப்பியைத் திறந்து, ஒரு புல்தண்டின் நுனியை மிகக் கவனமாக அதற்குள் நுழைத்துத் தன் மணத்தைப் பூசும். எப்போதும் ஒரே இடத்தில் போடும் புழுக்கைக் குவியலும் அதன் எல்லைக்கல்தான். மேல்புறம் கரும்பழுப்பு முதல் கறுப்பு வரையிலான நிறமும், கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையமும் கொண்ட அந்த உருவத்தைப் புல்வெளியில் வெகு தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். கொம்பில்லாத, வெளிர்பழுப்பு நிறப் பெண்மான்கள் கூட்டமாக மேயும். குட்டிகள் பிறந்த சில நாட்கள் புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். நரிகள் தேடி அலைவது அவற்றைத்தான்.

இந்தப் புல்வெளியை உள்ளிருந்து தின்றுவருவது சீமைக் கருவேலம். அதன் இனிப்பான காய்களைக் கால்நடைகளும், வளர்ப்பு நிலையிலிருந்து காட்டு வாழ்க்கைக்குத் திரும்பிய மட்டக்குதிரைகளும் தின்று, சாணத்தின் வழியே விதைகளைப் புதிய இடங்களில் சேர்க்கின்றன. முள்மரங்கள் நெருங்கியதும் புல் மறைகிறது; மானின் பார்வை மறிக்கப்படுகிறது; அங்கிருந்து அது விலகுகிறது. மட்டக்குதிரைகள் மானுக்குரிய புல்லையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. பிடரி காற்றில் பறக்க அவை ஓடும் காட்சியைக் காணவென்றே வருபவர்கள் உண்டு. அவர்களுடைய மகிழ்ச்சியை நான் குறைசொல்லவில்லை. ஆனாலும் இந்த இடம் எந்த விலங்குக்காக ஒதுக்கப்பட்டதோ அதன் வயிற்றுக்கு முதலிடம் தர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பச்சையாக எது வளர்ந்தாலும் நல்லது என்று எண்ணி வெற்றிடங்களில் மரக்கன்று நடப் புறப்படும் நல்லெண்ணம் கொண்டவர்களிடமும் இதையே சொல்வேன்: புல்வெளியில் நடும் மரம் புல்வெளியை அழிக்கிறது.

காட்டுக்கும் தன் இடம் உண்டு. பாலை மரங்களும் நாவலும் உகாயும் பின்னிய இந்த உலர் பசுமைமாறாக் காடு, சோழமண்டலக் கரையில் இன்று சிறு சிறு துண்டுகளாக மட்டுமே எஞ்சியிருக்கும் அரிய வகை. பருவமழையை ஒட்டித் தெற்கே செல்லும் ஆறுமணிக் குருவி இறங்கி இளைப்பாறுவது இதன் நிழலில்தான். விடியலிலும் அந்தி மயங்கும் வேளையிலும் அதன் இருதொனிச் சீழ்க்கை புதருக்குள்ளிருந்து கேட்கும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் இக்கடற்கரையில் கரையேறியபோது ஏராளமான மரங்கள் முறிந்து சாய்ந்தன, மான்களும் இறந்தன. அதற்கு முன் 2004 ஆழிப்பேரலை, இம்முனையில் சிதைந்து நின்ற சோழர் காலக் கலங்கரை விளக்கத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கடற்கரை நெடுகச் சவுக்கு நடப்பட்டது. மக்களைக் காக்க வேண்டும் என்ற தவிப்பில் எழுந்த செயல் அது. ஆனால் அலை எட்டாத திறந்த மணலில் குழி தோண்டும் கடலாமைக்கு, நீரோரம் வரை வந்துவிட்ட சவுக்குத் தோப்பு தடையாகிவிடுகிறது. பங்குனி ஆமை ஜனவரி முதல் மார்ச் வரை இக்கரையில் இரவில் ஏறி, ஒரு குழியில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மணலால் மூடிவிட்டுத் திரும்புகிறது. வனத்துறையினர் அவற்றைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்க, 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி ஓடுவது அவற்றின் இயல்பு என்பதால், கரையில் எரியும் ஒரு விளக்கோ கைப்பேசியின் ஒளியோ அவற்றைத் திசைதிருப்பிவிடும். குஞ்சுகளைக் கடலில் விடும் நேரத்தில் அருகில் இருக்க நேர்ந்தால் எந்த ஒளியும் இல்லாமல் நிற்க வேண்டும்.

போக விரும்புபவர்களுக்குச் சில சொற்கள். மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கும் ஜனவரியின் பிற்பாதி கரைப்பறவைகளுக்கு உகந்தது. சரணாலயத்துக்குள் வனத்துறையின் அனுமதியுடன் மட்டுமே செல்ல வேண்டும். காலையில் சூரியன் நம் முதுகுப்புறம் இருக்குமாறு, பறவைகளுக்குக் கிழக்கே இடம் பிடித்துக்கொண்டால் இறகின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் எல்லா உள்ளான்களும் கறுப்பு நிழல்களே. இருகண் நோக்கியைவிடக் காலில் நிறுத்தும் தொலைநோக்கி இங்கே அதிகம் பயன்படும், ஏனெனில் தூரத்திலிருந்தபடியே பார்க்க அது உதவுகிறது. காலில் வளையமோ நிறக்கொடியோ உள்ள பறவையைக் கண்டால், எந்தக் காலில், எந்த நிறம், மேலா கீழா என்பதைக் குறித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதலாம். ஜனவரியில் தமிழகமெங்கும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போது ஒரு கால்மணி நேரமாவது இங்கே எண்ணி, அந்தப் பட்டியலை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் சேர்ப்பது பெரிய உதவி. ஒன்றும் இல்லாத சேற்றையும் அப்படியே பதிவுசெய்ய வேண்டும், ஏனெனில் பறவைகள் எங்கே வரவில்லை என்பது உப்பின் கதையைச் சொல்லும். கொசு உள்ளான்களை இனம்பிரிக்கத் தெரியாதவர்கள் ‘சிறு கரைப்பறவை’ என்று மட்டும் எழுதி எண்ணிக்கையைக் குறித்தாலும் அந்தப் பட்டியல் பயன்படும்.